கார் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

செல்ஃப் எடுக்காத காரைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "புது பேட்டரி போட்டுடலாமா?" என்பதுதான். பேட்டரி நிஜமாகவே செத்திருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் இறங்கிப்போன பேட்டரிகளில் பலவற்றில் ஒரு குறையும் இருக்காது. என்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாமல் இருந்திருக்கும். இல்லையென்றால் வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுசை மாட்டினால், புதுசும் கொஞ்ச நாளில் படுத்துவிடும். அதனால் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

தேவையானவை அதிகமில்லை. 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், டெர்மினல் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் (பெரும்பாலும் 10 நம்பர்), கம்பி பிரஷ், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கடைசி இரண்டையும் தவிர்க்காதீர்கள், பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம்.

இங்கே சொல்வதெல்லாம் சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்கு. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களிலும் இப்படி ஒரு சின்ன பேட்டரி உண்டு, ஆனால் அவற்றில் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கமே கை போகக்கூடாது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு அளவு

வண்டியை ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் பொய்யான எண்தான் வரும். சில மணி நேரம் நிற்கவிட்டு அளப்பது நல்லது. அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து அளக்கலாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில்.

- 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்
- 12.4: முக்கால்
- 12.2: பாதி
- 12.0: கால்
- 11.8க்குக் கீழே: காலி

எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 பக்கமே நிற்கிறதா? உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. அந்த பேட்டரியோடு மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்த எண் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், அதன் பலத்தைச் சொல்லாது. 12.6 காட்டிக்கொண்டே செல்ஃபைச் சுற்ற முடியாமல் மடங்கிவிடும் பழைய பேட்டரிகள் உண்டு.

## அறிகுறி: சாவி திருப்பினால் ஒன்றுமே இல்லை, டேஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை

ரிமோட்டிலும் கதவு திறக்காது. பயப்பட வேண்டாம், பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும்.

டெர்மினல் லூஸா? பானெட்டைத் திறந்து, கேபிள் முனைகளைப் பேட்டரியோடு பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப்பையும் கையால் திருகிப் பாருங்கள். கையோடு அசைந்தால் லூஸ். இறுக்கியதும் பல வண்டிகள் அங்கேயே உயிர்பெற்றுவிடும்.

உப்பு பூத்திருக்கிறதா? வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கிளாம்ப்புக்கும் அது மாட்டியிருக்கும் பேட்டரியின் ஈயக் கம்பத்துக்கும் நடுவே கறுத்துப்போயிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, மீட்டர் முனைகளை ஈயக் கம்பங்களின் தலையிலேயே வைத்து அளங்கள். பிறகு முனைகளைக் கிளாம்ப்புகளின் மேல் நகர்த்துங்கள். கம்பத்தில் 12.4 இருந்து, கிளாம்ப்பில் 8 என்று இறங்கினால் பேட்டரியில் குறை இல்லை, குறை அந்த மெல்லிய அழுக்குப் படலத்தில்.

சுத்தம் செய்யும்போது எப்போதும் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் உப்பு நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீர் செல்களுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி பிரஷால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, நன்றாகத் துடைத்து, மாட்டி இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள்.

பேட்டரி முழுக்கக் காலியா? மீட்டர் 10, 8 என்று காட்டினால் ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றிவிட்டு, கீழே "ராத்திரி நிறுத்தினால்" பகுதிக்குப் போங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: பேட்டரியில் 12.5 இருக்கிறது, டெர்மினலும் சுத்தம், ஆனாலும் வண்டியில் உயிரில்லை. மெயின் ஃப்யூஸ் அல்லது எர்த் கேபிள் (பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைப்பது) போயிருக்கலாம். மெயின் ஃப்யூஸ் எரிந்திருந்தால் எதனால் எரிந்தது என்று பார்க்காமல் மாற்றுவது ஆபத்து.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஆனால் வண்டி சாவி இல்லை என்று சொல்கிறது. அது ரிமோட்டுக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரியின் வேலை. பல வண்டிகளில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டவைத்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும்.

## அறிகுறி: டிக் டிக் டிக் என்று வேகமாகச் சத்தம், என்ஜின் சுற்றவில்லை

பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கிறது, செல்ஃப் மோட்டாரைச் சுற்ற அது போதவில்லை. முதலில் மேலே சொன்னபடி டெர்மினலைப் பாருங்கள். அது சரியென்றால் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரியின் ஆம்பியர் ஹவரில், அதாவது அதன் கொள்ளளவில், பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு நாலரை ஆம்பியர், கிட்டத்தட்ட ஒரு ராத்திரி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

சார்ஜ் ஏறிய பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கழற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். காலையில் மறுபடி அளங்கள்.

- எண் ஏறக்குறைய அப்படியே இருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கிறது. அப்படியும் வண்டியில் மாட்டினால் இறங்குகிறது என்றால், குற்றவாளி வண்டிதான்.
- எதோடும் இணைக்காமலேயே 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி தனக்குள்ளேயே இறங்குகிறது. அதை மாற்ற வேண்டியதுதான்.

இந்த ஒரு ராத்திரியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேபிளைக் கழற்றினால் கடிகாரம், ரேடியோ செட்டிங், ஜன்னல் தானாக மேலேறும் வசதி எல்லாம் மறந்துபோகலாம். ரேடியோவுக்கு ரகசியக் குறியீடு உள்ள வண்டியென்றால் அதை முன்கூட்டியே தேடி எடுத்து வையுங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி

உள் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

விளக்கு பிரகாசமாகவே இருக்கிறது: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் மோட்டார், அதன் சாலினாய்டு, அங்கே போகும் ஒயர் இவற்றில் ஒன்றுதான். எலக்ட்ரீஷியன் வேலை.

விளக்கு மங்கி அணைந்துவிடுகிறது: பேட்டரி காலி, அல்லது இணைப்பு மோசம். டெர்மினலுக்கு அடுத்து எர்த்தைப் பாருங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. கழற்றித் தேய்த்து மாட்டினால் போதும். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மாற்றி முடித்தும் தீராத தொல்லை, கடைசியில் இந்த எர்த் பட்டையாக இருப்பது உண்டு.

சத்தமே இல்லை, விளக்கு நன்றாக எரிகிறது என்றால் ஆட்டோமேட்டிக்கில் கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா, மேனுவலில் கிளட்சை முழுதாக மிதித்தீர்களா என்று பாருங்கள்.

## அறிகுறி: செல்ஃப் எடுக்கிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

பேட்டரி முன்கூட்டியே கொடுக்கும் எச்சரிக்கை இது. காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும், மதியம் என்ஜின் சூடாக இருக்கும்போது தெரியாது. அதனாலேயே நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பேட்டரியில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். வெயில் அதிகமுள்ள இடங்களில் அதைவிடச் சீக்கிரம் போகும், குளிர் வந்ததும் பலவீனம் வெளியே தெரியும். முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் மீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள். சுற்றும்போது 10க்கு மேலே நின்றால் நல்லது. 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. நடுவில் நின்றால், பேட்டரியின் பலத்தை அளக்கும் லோடு டெஸ்டர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், சில நிமிட வேலை.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியென்றால் மூடிகளைத் திறந்து அளவையும் பாருங்கள். தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீரோ அமிலமோ வேண்டாம்.

## அறிகுறி: ஜம்ப் கொடுத்தால் ஓடுகிறது, நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடுகிறது

ஜம்ப் என்பது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிளில் கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்வது. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளங்கள்.

- 13.8 முதல் 14.7 வரை: சார்ஜ் ஏறுகிறது. ஆல்டர்னேட்டரை விட்டுவிடலாம்.
- 13க்குக் கீழே, போகப்போக இறங்குகிறது: ஏறவில்லை.
- 15க்கு மேல்: அளவுக்கு மீறி ஏறுகிறது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, ஓட்ட வேண்டாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் பேட்டரி நிறைந்திருந்தால் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துவிடும். அப்போது 13க்குக் கீழே காட்டலாம். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எண் மேலே ஏறினால் ஆல்டர்னேட்டர் நலம்.

ஏறவில்லையென்றால் என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா? ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும் பெல்ட் வழுக்கும் பெல்ட். அடுத்து ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள பிளக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். போகும் வழியில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், எங்கும் என்ஜினை நிறுத்தாதீர்கள். அதே பெல்ட் தண்ணீர் பம்ப்பையும் ஓட்டும் வண்டியில் பெல்ட் அறுந்திருந்தால் மட்டும் ஓட்டவே கூடாது, என்ஜின் சூடேறிவிடும்.

ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எழும்பும் வோல்டேஜ் வண்டியின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

சார்ஜ் சரியாக ஏறியும் இறங்குகிறதா? உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் போய் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டினால், செல்ஃப் எடுத்ததை ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்க நேரமே கிடைக்காது.

## அறிகுறி: ராத்திரி நிறுத்தினால் காலையில் காலி

ஆட்களை அதிகம் அலையவைப்பது இதுதான். பொறுமையாக இருந்தால் வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

மீட்டர் இல்லாமல் முதல் சுற்று. டிக்கி விளக்கும் கிளவ் பாக்ஸ் விளக்கும் மூடியபின் அணைகின்றனவா என்று வெளியிலிருந்து தெரியாது. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, சற்று நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்புறம், பின்னால் சேர்த்தவற்றைக் கணக்கெடுங்கள்: டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகிய கருவி, அலாரம், கூடுதல் ஆம்ப்ளிஃபயர். வண்டியோடு வந்த எதையும்விட இவற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி பாருங்கள். ரிமோட்டை வண்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். சில வண்டிகள் சாவி அருகில் இருந்தால் தூங்கவே தூங்காது.

மீட்டரோடு இரண்டாம் சுற்று. ஃப்யூஸ் பாக்ஸ் உள்ளே இருந்தால் அதன் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். வண்டி கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். பானெட்டின் கொக்கிக்கும் அப்படியே. சாவியை எடுத்துத் தூர வையுங்கள்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கரண்ட் அளக்கும் நிலைக்குத் திருப்புங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, பேட்டரி மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். கவ்விப் பிடிக்கும் கிளிப் வைத்த முனைகள் இருந்தால் நல்லது, கை நழுவி இணைப்பு விட்டால் வண்டி விழித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைப் போடவே கூடாது. போட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

முதலில் சில ஆம்பியர் காட்டும், கவலைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். பொறுத்திருந்து பார்க்கும் எண்தான் கணக்கு.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சகஜம். 100ஐத் தாண்டினால் கசிவு. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போய்விடும். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு மூன்று நாளில் செல்ஃப் எடுக்காது, பழைய பேட்டரி மறுநாளே எடுக்காது.

இப்போது ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் பார்த்து, திரும்பச் செருகுங்கள். மீட்டர் 0.62 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுக்கிறீர்கள், 0.62 அசையவில்லை. அடுத்த ஃப்யூஸை உருவியதும் 0.04க்கு விழுகிறது. பிடித்துவிட்டீர்கள். ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கப் படத்தில் அந்த ஃப்யூஸ் எதற்கு என்று பாருங்கள். மியூசிக் சிஸ்டம் என்று இருந்தால் அதை, உள் விளக்கு என்றால் அந்த வரிசையில் உள்ள விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அங்கே இருக்கும் ரிலேக்களையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) தொட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் நின்ற வண்டியில் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரைக் கட்டாயம் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த முறை பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால், நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: எல்லா ஃப்யூஸையும் எடுத்துப் பார்த்தும் எண் இறங்கவில்லை. அப்போது ஆல்டர்னேட்டரின் டையோடு கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பகலில் ஓரளவு சார்ஜ் ஏற்றிவிட்டு ராத்திரியில் அதே வழியில் கரண்டை இறக்கும் கோளாறு அது. எண் இறங்கியும் அந்த ஃப்யூஸ் ஏர்பேக்குக்கோ என்ஜின் கம்ப்யூட்டருக்கோ உரியது என்றாலும் அவரிடமே விடுங்கள்.

## அறிகுறி: சில வாரம் நின்றால்தான் இறங்குகிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. 30 மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்கும் நல்ல வண்டிகூட மூன்று வாரத்தில் 15 ஆம்பியர் ஹவர் குடித்துவிடும். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஊருக்குப் போகும்போது மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். அடிக்கடி நாள்கணக்கில் ஓட்டாமல் நிற்கும் வண்டியென்றால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரை மாட்டிவையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது பலன் தராது. ஓட்டுவதானால் அரைமணியாவது சாலையில் ஓட்டுங்கள்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். காலியாகக் கிடக்கும் நாள்களில் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

## அறிகுறி: பேட்டரி உப்பியிருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

சார்ஜ் போடாதீர்கள், ஜம்ப் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நெருப்புப் பொறி எதுவும் வேண்டாம். வெடிப்போ கசிவோ இருந்தாலும் இதேதான். நேராக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேட்டரியை மாற்றுவதோடு ரெகுலேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

## ஜம்ப் கொடுக்கும்போது

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை இறங்கிய வண்டியின் என்ஜினில் பேட்டரிக்குத் தள்ளியுள்ள இரும்பில். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்கக்கூடாது. நல்ல வண்டியை சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்துவிட்டதாக விட்டுவிடாதீர்கள். முழுக்கக் காலியான பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டருக்குப் பெரிய சுமை. அன்றே சார்ஜரில் போடுங்கள்.

## மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அதே அளவு, அதே ஆம்பியர் ஹவர், பிளஸ் இருக்கும் அதே பக்கம். பக்கம் மாறினால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் பிறகு தொல்லை. சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி இருக்கும். அங்கே சாதாரண பேட்டரியை வைத்தால் சீக்கிரம் போய்விடும். சில வண்டிகளில் புது பேட்டரி வந்திருப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். புதுசை மாட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை அளந்து அந்த இரண்டு எண்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.